புண்ணாக்கு மூட்டை சொன்ன பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் மட்டுமாவது முழுசாகப் படியுங்கள்.

போன வாரம் தங்கை மகன் போன் செய்தான். பல்லடம் பக்கம் சொந்தமாகத் தீவனம் அரைத்து பிராய்லர் வளர்ப்பவன். "மாமா, மக்காச்சோளமும் சோயாவும் விக்கிற விலைக்குக் கட்டுபடியாகலைங்க. எத்தனால் ஆலைச் சக்கை, டி.டி.ஜி.எஸ்.னு சல்லிசா வருது. கலக்கலாங்களா?" என்றான். டாக்டரிடம் கேட்க வேண்டியதை ரிட்டயர்டு வாத்தியாரிடம் கேட்கிறானே என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

1978. நான் ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் வருஷம். எங்கள் பக்கம் பிராய்லர் என்ற சொல்லே புதுசு. அப்பா கடன் வாங்கி 300 குஞ்சு விட்டிருந்தார். அன்றைக்குப் புரதத்துக்கு சோயா ஏது? கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும்தான். ஐப்பசி மழையில் சாளை ஒழுகி புண்ணாக்கு மூட்டை நனைந்தது. வீணாக்க மனசில்லாமல் வெயிலில் காயவைத்து அரைத்துப் போட்டார். சில நாளில் கோழிகள் தீவனம் எடுக்கவில்லை, எடை ஏறவில்லை, தினமும் பத்துப் பதினைந்து செத்து விழுந்தன. வெள்ளைக் கழிச்சல் என்றுதான் ஊரே சொன்னது. கால்நடை டாக்டர் ஒரு கோழியை அறுத்து ஈரலைக் காட்டினார். மஞ்சளாக வீங்கியிருந்தது. "புண்ணாக்கைக் காட்டுங்க" என்றார். அம்மாவின் வளையல் அந்தக் கடனுக்குப் போனது. அஃப்ளாடாக்சின் என்ற பெயரை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

பின்னாளில் நூலகத்தில் அதன் கதையைத் தேடிப் படித்தேன். 1960-ல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டன. கிருமி எதுவும் அகப்படாததால் 'டர்க்கி எக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். செத்தவை எல்லாம் எதைத் தின்றன என்று விசாரித்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதிலிருந்த பூஞ்சையின் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். முதல் சொல்லின் 'அ', அடுத்ததன் 'ஃப்ளா', கூடவே விஷத்தைக் குறிக்கும் டாக்சின். பெயர் வந்த வழி அவ்வளவுதான்.

இது கோழியோடு நிற்கும் சங்கதியும் இல்லை. 1974 கடைசியில் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்றவர்களுக்கு மஞ்சள் காமாலை கண்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. பசித்தவனிடம் பூசணத்தைப் பார் என்று யார் சொல்வது?

கடலைப் புண்ணாக்கின் இடத்துக்கு மெல்ல சோயா வந்தது. மத்தியப் பிரதேசக் கரிசல் காட்டில் மழைக்காலத்தில் தரிசாகக் கிடந்த நிலமெல்லாம் 1970-களுக்குப் பிறகு சோயா ஆனது. அதையும் பச்சையாகப் போட முடியாது. புரதம் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் அதில் உண்டு. பக்குவமாகச் சூடுபடுத்தினால்தான் அது அடங்கும். வேகவைத்த சோயாவில்தான் எலிகள் வளர்ந்தன என்பதை ஆஸ்பர்னும் மெண்டலும் 1917-லேயே கண்டார்கள். இன்று நாம் வழக்கமானது என்று நினைக்கிற சோயாவும் ஒரு காலத்தில் மாற்றுத் தீவனமாக வந்ததுதான்.

இப்போது எத்தனால் சக்கையின் முறை. நல்ல சரக்கு என்றால் நான் குறை சொல்லமாட்டேன். சோளத்தின் மாவுச்சத்து சாராயமாகிப் போனபின் மிஞ்சுவதில் புரதம் ஏறக்குறைய மூன்று மடங்கு கூடிவிடும். ஆனால் சோளத்தில் அஃப்ளாடாக்சின் இருந்தால் அதுவும் அதே கணக்கில் கூடும். நொதித்தாலும் போகாது, சாதாரணச் சூட்டிலும் போகாது. அப்பா வெயிலில் காயவைத்தது ஏன் பலிக்கவில்லை என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மருமகனிடம் இவ்வளவும் சொன்னேன். "ஒரே மூட்டையில அள்ளாதே. பூஞ்சை திட்டுத்திட்டாத்தான் இருக்கும். பத்து மூட்டையில கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் கலந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பு" என்றேன். அனுப்பியிருக்கிறான். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

நேற்று ராத்திரி இங்கே நல்ல மழை. பதினோரு மணிக்கு அவனுக்குப் போன் போட்டு, மூட்டைகளைத் தரையில் விடாமல் பலகை மேல் ஏற்றச் சொன்னேன். "ஏத்தியாச்சுங்க மாமா, தூங்குங்க" என்றான்.