ஐபேடிலிருந்து கேலக்ஸி டேபுக்கு மாறுகிறீர்களா? உங்கள் நோட்ஸும் ஃபோட்டோவும் கூட வருமா?

டேப்லெட் மாற்றுவது என்றால் முதலில் விலை, திரை, பேட்டரி இதையெல்லாம்தான் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆனால் உண்மையான செலவு பில்லில் வராது. பழைய கருவியில் பல வருடமாகச் சேர்ந்த ஃபோட்டோ, நோட்ஸ், காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் எல்லாம் புதுசுக்கு வருமா என்பதுதான் கேள்வி.

போட்டி எப்போது தொடங்கியது?

2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகம் செய்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சாம்சங்கின் முதல் கேலக்ஸி டேப் அறிவிக்கப்பட்டது. ஆப்பிள் இந்தியாவில் தன் முதல் சொந்தக் கடையைத் திறந்தது 2023 ஏப்ரல் 18 அன்று, மும்பை பி.கே.சி.யில். மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடை, இந்தப் பக்கம் தாராவி. மாட்டுங்கா, செம்பூர்க்காரர்களுக்கும் அது ரொம்பத் தூரமில்லை. கடை பக்கத்தில் வந்துவிட்டது. ஒருமுறை உள்ளே போனபின் வெளியே வருவதுதான் கொஞ்சம் சிக்கல்.

எது கூட வரும், எது வராது?

ஃபோட்டோ: வரும். ஆப்பிளின் தனியுரிமைத் தளத்தில் லாகின் செய்து, ஐகிளவுட் படங்களை கூகுள் ஃபோட்டோஸுக்கு நகலெடுக்கச் சொல்லலாம். 3 முதல் 7 நாள் ஆகும். கூகுளில் இலவச இடம் 15 ஜி.பி.தான், அதுவும் ஜிமெயிலோடு சேர்த்து. இடம் போதுமா என்று முதலில் பாருங்கள்.

நோட்ஸ்: இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆப்பிள் நோட்ஸுக்கு ஆண்ட்ராய்டு ஆப் கிடையாது, பிரவுசரில்தான் பார்க்க முடியும். கையால் எழுதியதை பி.டி.எஃப். ஆக எடுத்துக்கொண்டால் படிக்கலாம், பழையபடி அழித்துத் திருத்த முடியாது.

ஆப்கள்: ஆப் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கியது பிளே ஸ்டோருக்கு வராது. ஓவியர்கள் பயன்படுத்தும் புரோகிரியேட் ஆண்ட்ராய்டில் இல்லவே இல்லை. படங்களை பி.எஸ்.டி. கோப்பாக எடுத்தால் லேயர்கள் தப்பிக்கும்.

சந்தா: ஆப்பிள் வழியாகக் கட்டும் சந்தா, டேபை மாற்றியதும் தானாக நிற்காது. நீங்கள்தான் ரத்து செய்ய வேண்டும்.

பேனா: ஆப்பிள் பென்சில் கேலக்ஸியில் வேலை செய்யாது. ஆனால் கேலக்ஸி டேப் எஸ் வரிசையில் எஸ் பென் பெட்டியிலேயே வரும்.

தமிழ் கீபோர்டு: கவலை வேண்டாம். முத்து நெடுமாறனின் செல்லினம் ஆப்பில் அஞ்சல், தமிழ் 99 இரண்டுமே ஆண்ட்ராய்டிலும் கிடைக்கும்.

ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கு?

ஒரு பொருளை விட்டு இன்னொன்றுக்குப் போக ஆகும் பணம், நேரம், அலைச்சல் எல்லாவற்றையும் சேர்த்து பொருளாதாரத்தில் ‘மாறும் செலவு’ என்பார்கள். அது கூடக் கூட, வாடிக்கையாளர் நகர மாட்டார். நிறுவனங்களுக்கும் இது தெரியும். எபிக் கேம்ஸ் வழக்கு 2021-ல் விசாரணைக்கு வந்தபோது ஆப்பிளின் உள் மின்னஞ்சல்கள் வெளியாயின. ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குக் கொடுத்தால், ஐஃபோன் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தருவதற்கு இருக்கும் தடை நீங்கிவிடும் என்று அதில் எழுதியிருந்தவர், அந்நிறுவனத்தின் மூத்த அதிகாரி கிரெய்க் ஃபெடரிகி.

சாம்சங்கும் விதிவிலக்கல்ல. சாம்சங் நோட்ஸுக்கு ஐபேட் ஆப் இல்லை.

சட்டம் நமக்கு உதவுமா?

ஐரோப்பாவில் உதவும். ஐபேட்ஓஎஸ் 2024 ஏப்ரலில் அங்கே டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. பயனர் தன் தரவை எடுத்துக்கொண்டு போக வழி செய்வது அந்தச் சட்டப்படி கட்டாயம்.

இந்தியாவில் 2019-ன் தனிநபர் தரவு மசோதாவில் இந்த உரிமை இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவில் மறுபடி இடம்பெற்றது. ஆனால் வரைவை வைத்துக்கொண்டு யாரையும் கேள்வி கேட்க முடியாது. அதனால் இப்போதைக்கு நிறுவனம் திறந்துவிடும் அளவுக்குத்தான் உங்கள் தரவு நகரும்.

அப்போ என்ன செய்யலாம்?

1. புது டேப் வந்த அன்றே பழையதை விற்காதீர்கள். இரண்டு வாரம் இரண்டையும் வைத்துக்கொண்டு, எது வரவில்லை என்று பாருங்கள்.

2. நோட்ஸ், ஓவியம், ஆவணங்களை ஏற்றுமதி செய்து, நகலை ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் போடுங்கள்.

3. சந்தா பட்டியலைப் பார்த்து, தேவையில்லாததை ரத்து செய்யுங்கள்.

4. லேமிங்டன் ரோட்டுக்கோ ஆன்லைனிலோ விற்கக் கொடுக்கும் முன், ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைத்து, பிறகு எல்லாவற்றையும் அழியுங்கள். இல்லையென்றால் ஆக்டிவேஷன் லாக் விழும். வாங்கியவருக்கு அது வெறும் கண்ணாடிப் பலகைதான். ஆண்ட்ராய்டு டேபை விற்பவர்களும் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுத்தான் ரீசெட் செய்ய வேண்டும்.

5. புது டேபில் நோட்ஸ் ஆப் தேர்ந்தெடுக்கும்போது, அது இரண்டு பக்கமும் ஓடுமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். அடுத்த முறை மாறும்போது இந்த அலைச்சல் பாதியாகக் குறையும்.