கள்ளும் காடியும் பிளாட்டினமும்

ஸ்கூடாய் வழியாக லாரி ஓட்டிச் செல்லும் நம் இளைஞரைப் போலீசார் நிறுத்தி, ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்கிறார்கள். ஊதியதும் எண் ஒன்று தோன்றுகிறது. மூச்சிலுள்ள மதுவைக் கருவி எவ்வாறு அறிகிறது? அதன் வரலாறு நம் கள்ளுப்பானையை ஒட்டியே செல்கிறது.

காலையில் இறக்கிய கள் மாலைக்குள் கடுக்கிறது. மேலும் சில நாள் விட்டால் காடியாகிவிடுகிறது. அந்தக் கள்ளால் நொடித்த குடும்பங்களை நாம் அறிவோம். 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது.

கள்ளிலுள்ள ஆல்கஹாலைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்துக் காடியாக்குபவை நுண்ணுயிர்கள். நுண்ணுயிர் எதுவுமின்றிப் பிளாட்டினத்தின் கரிய தூளும் இதே வேலையைச் செய்யும் என்று 1821 இல் ஜெர்மனியின் டோபரைனர் கண்டார். அந்த உலோகம் கல்யாணத் தரகரைப் போன்றது. இரு தரப்பையும் சேர்த்துவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். 1839 இல் வேல்ஸ் நாட்டவரான குரோவ், பிளாட்டினத் தகடுகளில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கூட்டி மின்சாரம் பெற்றார். ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஆல்கஹாலை ஊற்றினால் என்ன?

மின்சாரம் வரத்தான் செய்கிறது, ஆனால் அரைகுறையாக. ஆல்கஹாலின் ஒரு மூலக்கூறு முழுதும் எரிந்தால் 12 எலக்ட்ரான்கள் கிடைக்க வேண்டும். பெரும்பாலும் அது காடி நிலையிலேயே நின்று, 4 மட்டுமே தருகிறது. அதிலுள்ள இரண்டு கார்பன் அணுக்கள் பிரிய மறுக்கின்றன. கொஞ்சம் பிரிந்தாலும், அதில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு, சட்டியில் பிடித்த கரிபோல உலோகத்தின்மேல் அப்பிக்கொள்கிறது.

பிளாட்டினத்தின்மேல் ருத்தேனிய அணுக்களைப் படியவைத்தால் அவை தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக் கொடுத்து அந்தக் கரியைக் கழற்றும் என்பதை, மெத்தில் ஆல்கஹாலைக் கொண்டு 1975 இல் ஜப்பானியர்களான வத்தநாபேயும் மோத்தோவும் விளக்கினர். 2009 இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தார், பிளாட்டினத்தையும் ரோடியத்தையும் வெள்ளீய ஆக்சைடின்மேல் படியவைத்து, அறை வெப்பத்திலேயே அந்தக் கார்பன் பிணைப்பைப் பிளந்தனர். ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும்! ஆகையால் மலிவான நிக்கலைக் காரக் கரைசலில் வைத்துப் பார்ப்போரும் உளர். ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இந்த 12-க்கும் 4-க்கும் உள்ள கணக்கு நன்கு விளங்கும்.

மின்சாரம் வேண்டுவோருக்கு நட்டமான அந்த அரைகுறை எரிதல், மூச்சுக் கருவிக்குக் குறையாகவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் எரிந்தால் அதற்குப் போதும். வேல்ஸ் நாட்டு டாம் பாரி ஜோன்ஸ் 1974 இல் மின்னணு மூச்சுக் கருவியை வெளியிட்டார். இன்று போலீசார் கையில் காணும் இத்தகைய கருவிகள் பலவற்றினுள் பிளாட்டின மின்முனைகளே இருக்கின்றன. மூச்சிலுள்ள ஆல்கஹால் அதில் பட்டுக் காடியாகும்போது எழும் மின்னோட்டமே எண்ணாகிறது. மலேசியாவில் 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பு, 2020 இல் 22 ஆகக் குறைக்கப்பட்டது.