கூரைக் கம்பியின் நிறங்கள்
சிங்கப்பூர் மின்விளக்கு வரலாற்றில் ஒரு பக்கம்

சிராங்கூன் சாலையின் கிளைத் தெருக்களில் நிற்கும் பழைய கடைவீடு ஒன்றில், கூரையில் பழுதாகிப்போன விளக்கைக் கழற்றிவிட்டுப் புதிய விளக்கைப் பொருத்துவது சிறிய வேலையாகவே தோன்றும். ஏணியில் ஏறி, திருகாணியைத் தளர்த்தி, மூடியை இறக்கியவுடன் அந்த எண்ணம் மாறிவிடும். இரண்டு கம்பிகள் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் நான்கோ ஐந்தோ காணப்படும். சில சிவப்பு, சில கறுப்பு. பின்னாளில் யாரோ நீட்டிய இணைப்பாக ஒரு பழுப்புக் கம்பியும் ஒரு நீலக் கம்பியும் அவற்றோடு கூடி நிற்கும். இவற்றுள் மின்சாரத்தைக் கொண்டுவருவது எது? திருப்பி அனுப்புவது எது? இக்கேள்விக்கு விடை தவறினால் உயிருக்கே கேடு. அந்த விடையை அறிய வேண்டுமானால், சிங்கப்பூரில் விளக்கு வந்த வரலாற்றையும் கம்பிக்கு நிறம் வந்த வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தேங்காய் எண்ணெயிலிருந்து மின்சாரம் வரை

சிங்கப்பூரின் தெருக்களில் முதன்முதலாக விளக்கு ஏற்றப்பட்டது 1824ஆம் ஆண்டில். அவை தேங்காய் எண்ணெய் விளக்குகள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1864 மே 24 அன்று, விக்டோரியா அரசியின் பிறந்தநாளில், எரிவாயுத் தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. அதற்கு வேண்டிய வாயுவைக் காலாங் எரிவாயு ஆலை தந்தது.

மின்சாரம் தெருவுக்கு வந்தது டிராம் வண்டியின் துணையால். 1905இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம்களுக்காக மெக்கன்சி சாலையில் ஒரு மின்நிலையம் எழுந்தது. இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் வட்டாரத்தை ஒட்டியதே அச்சாலை. அந்நிலையத்தின் மின்சாரத்தை நகராட்சி விலைக்கு வாங்கி ஊருக்கு வழங்கியது. 1906 மார்ச் 6 அன்று ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்களில் மின்சாரத் தெருவிளக்குகள் ஒளிர்ந்தன. ஊரின் தேவை பெருகவே, 1927இல் செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையத்தை நகராட்சி தானே நிறுவியது. 1963இல் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைக்கப்பட்டபோது தண்ணீர், எரிவாயு, மின்சாரம் மூன்றும் அதன் பொறுப்பில் வந்தன. 1960இல் பிறந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளை எழுப்ப எழுப்ப, மின்விளக்கு செல்வர் மாளிகைக்கு மட்டும் உரியது என்ற நிலை மறைந்தது.

சிவப்பும் கறுப்பும்

மின்சாரம் பிரிட்டிஷ் ஆட்சியில் வந்ததால், கம்பியிடும் முறையும் பிரிட்டிஷ் முறையாகவே அமைந்தது. தொழிலாளர் பேச்சில் மூன்று சொற்கள் வழங்கும்: பேஸ், நியூட்ரல், எர்த். பேஸ் என்பது மின்னழுத்தத்தைச் சுமந்து வரும் கம்பி. விளக்கை எரித்த மின்னோட்டம் மூலத்துக்குத் திரும்பும் வழி நியூட்ரல். கருவியின் உலோக உடலை நிலத்தோடு பிணைத்து, பழுது நேரும்போது காப்பது எர்த். பழைய முறையில் பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. பின்னர் எர்த்துக்குப் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம் வந்தது. பெரிய கட்டடங்களுக்கு மூன்று பேஸ்கள் வரும். அவற்றுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் பிரித்தனர்.

விளக்குக்குச் சுவரில் ஒரு சுவிட்ச் உண்டு. பேஸ் கம்பி நேரே விளக்குக்குப் போகாமல், முதலில் சுவிட்சுக்கு இறங்கி, அங்கிருந்து மீண்டும் விளக்குக்கு ஏறும். நியூட்ரல் நேராக விளக்கை அடையும். இவ்வளவுதான் என்றால் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஆனால் ஓர் அறைக்கு வரும் பேஸ் கம்பியே அடுத்த அறைக்கும் போக வேண்டும். அந்தத் தொடர்ச்சியைச் சிலர் சுவிட்சுப் பெட்டியில் இணைத்தனர். சிலர் கூரையில் உள்ள ‘சீலிங் ரோஸ்’ என்னும் வட்டமான இணைப்பிலேயே இணைத்தனர். இரண்டாவது முறையில் கட்டிய வீட்டில் சுவர்ச் சுவிட்சை அணைத்தாலும் கூரையில் எப்போதும் மின்சாரம் உள்ள கம்பி ஒன்று நிற்கும். விளக்கு எரியவில்லை, ஆகவே கம்பியில் மின்சாரம் இல்லை என்று நினைப்பவர் ஏமாறுவது இங்கேதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சுவிட்சுக்கு இறங்கவும் அங்கிருந்து ஏறவும் சிவப்பும் கறுப்பும் சேர்ந்த இரட்டைக் கம்பியையே பலர் பயன்படுத்தினர். அப்போது சிவப்பு வழியே இறங்கிய மின்சாரம், சுவிட்சைப் போட்டதும், கறுப்பு வழியே விளக்குக்கு ஏறும். நிறத்தால் நியூட்ரல், வேலையால் பேஸ்! இத்தகைய கறுப்புக் கம்பியின் நுனியில் சிவப்பு நாடா சுற்றி அடையாளம் வைப்பது நல்ல வழக்கம். சுற்றாமல் விட்ட கம்பிகளும் பல.

கம்பிக்கும் வயது உண்டு

நிறம் மாறாவிட்டாலும் கம்பி மூப்படையும். பழங்காலக் கம்பிகள் ரப்பர் உறையிட்டவை. மரப்பட்டைகளுக்குள் சுவரோரமாக ஓடியவை. விளக்கின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்காக வாடிய ரப்பர் இறுகி வெடித்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். உறை உதிர்ந்த இரு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் தீப்பொறி எழும். ஒரு விளக்குக்காக இட்ட கம்பியில் விசிறியும் பிற கருவிகளும் ஏறினால் சூடு இன்னும் மிகும்.

இதன் விலையை இந்நகரம் ஒருமுறை கொடுத்தது. 1972 நவம்பர் 21 அன்று ராஃபிள்ஸ் பிளேஸில் இருந்த ராபின்சன்ஸ் பெருங்கடை தீக்கிரையாயிற்று. ஒன்பது பேர் மாண்டனர். பழைய கம்பிகளில் அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதால் நேர்ந்த மின்கசிவே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. 1906இல் மின்சாரத் தெருவிளக்கு முதலில் ஒளிர்ந்த இடங்களுள் ஒன்றான ராஃபிள்ஸ் பிளேஸிலேயே இது நடந்தது.

நிறம் ஏன் மாறிற்று?

கம்பியின் நிறம் நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த காலத்தில் அதனாலேயே உயிர்கள் போயின. பிரிட்டனில் சிவப்பு என்றால் பேஸ். ஜெர்மனியின் பழைய வழக்கிலோ சிவப்பு என்றால் எர்த். ஜெர்மானியக் கருவியை வாங்கிய ஒருவர் தம் நாட்டு வழக்கப்படி அதன் சிவப்புக் கம்பியைப் பேஸில் இணைத்தால், கருவியின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறும். மேலும் ஆண்களில் பலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் பார்வை குறைவு. ஆதலின் எவரும் குழம்பாத நிறங்களை நாடுகள் தேடின. பேஸுக்குப் பழுப்பு, நியூட்ரலுக்கு நீலம், எர்த்துக்குப் பச்சை–மஞ்சள் என்ற ஏற்பாடு அவ்வாறு பிறந்தது. பிரிட்டனில் கருவிகளின் வளைகம்பிகளுக்கு அது 1970 அளவில் வந்தது. சுவருக்குள் ஓடும் நிலைக்கம்பிகளுக்கு 2004இல் வந்தது. சிங்கப்பூரில் நிலைக்கம்பிகளுக்கு 2009 மார்ச் முதல் நடப்புக்கு வந்தது.

இம்மாற்றத்தில் ஒரு பொறி உண்டு. புதிய முறையில் மூன்று பேஸ்களின் நிறம் பழுப்பு, கறுப்பு, சாம்பல். நியூட்ரலின் நிறம் நீலம். பழைய முறையில் கறுப்பு நியூட்ரல்; நீலம் மூன்றாவது பேஸ். அதாவது இரு நிறங்கள் தம்முள் இடம் மாறிக்கொண்டன. முன்பு நம்பத்தக்கதாக இருந்த கறுப்பு இப்போது அஞ்சத்தக்கதாயிற்று. முன்பு அஞ்சத்தக்கதாக இருந்த நீலம் இப்போது நியூட்ரலாயிற்று. மூன்று பேஸ் இணைப்புள்ள பழைய கடைவீட்டில் ஒரு விளக்குக்கு நீலப் பேஸ் வந்திருக்கவும் கூடும். அதைப் புதிய விளக்கின் நீலத்தோடு நிறம் பார்த்து இணைப்பவர், பேஸை நியூட்ரலின் இடத்தில் சேர்த்தவர் ஆவார். விளக்கு எரியவும் செய்யலாம். ஆனால் விளக்கினுள் நியூட்ரல் இருக்க வேண்டிய இடத்தில் பேஸ் நிற்கும்.

தமிழ்நாட்டிலிருந்து மின்பணிக்கு வருவோர் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்குக் கற்றுப் பழகிய நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு என்பவை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் தொழிலாளருள் அந்தப் பயிற்சியோடு வந்தவரும் உண்டு. கை பழகிய வழக்கம் இங்கே கையையே சுடலாம்.

காவலும் அதன் எல்லையும்

மனிதப் பிழைக்கு மாற்றாக ஒரு கருவி உண்டு. ஆர்.சி.சி.பி. எனத் தொழிலில் வழங்கும் மின்கசிவுத் துண்டிப்பான், பேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டும் சமமாக இருக்கும்வரை வாளாவிருக்கும். ஓர் உடல் வழியாக நிலத்துக்கு ஓட்டம் கசிந்தால் கணக்கு குறையும். கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டிக்கும். வீடுகளில் இதன் அளவு 30 மில்லி ஆம்பியர். சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளில் இது கட்டாயமாயிற்று. அதற்கு முற்பட்ட வீடுகளும் 2025 ஜூலை 1க்குள் இதைப் பொருத்தியாக வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

எனினும் இக்காவலுக்கும் எல்லை உண்டு. ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தவரின் உடல், துண்டிப்பானின் கணக்கில் மற்றுமொரு விளக்கே. போன ஓட்டம் முழுதும் திரும்புவதால் அது அசையாது. ஆகவே காவல் கருவி இருக்கிறது என்ற துணிவில் கூரைக் கம்பியைத் தொடுவது அறிவுடைமை ஆகாது.

சிங்கப்பூரில் நிலைக்கம்பிகளில் கை வைப்பது உரிமம் பெற்ற மின்பணியாளருக்கு மட்டுமே உரியது. அவரும் நிறத்தைச் சான்றாகக் கொள்வதில்லை. மின்பெட்டியில் அந்தச் சுற்றின் இணைப்பைத் துண்டித்து, வேறு எவரும் திரும்பப் போடாதவாறு பூட்டி, அளவுமானியை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்வதை உறுதிசெய்து, பின் கூரையில் ஒவ்வொரு கம்பியையும் சோதிப்பார். சோதித்த மானியை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பார். பழைய இணைப்பைக் கழற்றுமுன் எது எதோடு சேர்ந்திருந்தது என்று குறித்துக்கொள்வார். பழைய நிறமும் புதிய நிறமும் ஒரே வீட்டில் கூடி நின்றால், அடுத்து வருபவர் அறியும்படி மின்பெட்டியில் ஒரு குறிப்பை ஒட்டிவிட்டுப் போவார்.

சிவப்புக் கம்பி இட்டவர் ஒரு காலத்தின் விதியைப் பின்பற்றினார். பழுப்புக் கம்பி இட்டவர் வேறொரு காலத்தின் விதியைப் பின்பற்றினார். இருவரும் தம்மளவில் சரியாகவே செய்தனர். இருவர் வேலையும் ஒரே மூடிக்குள் சந்திக்கும்போது, அங்கே என்ன நடந்திருக்கிறது என்பதைக் கண் சொல்லாது; அளவுமானிதான் சொல்லும்.