நிலக்கரிக்காகப் பிறந்த பிள்ளை

1925இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பட்டப்பின் படிப்பில் இருந்த வாரன் மக்கேப், ஏர்னஸ்ட் தீல் என்ற இருவர் வரைபுத்தாளில் ஒரு படிக்கட்டு வரைந்தார்கள். வளைகோட்டுக்கும் நேர்கோட்டுக்கும் இடையே இறங்கிச் செல்லும் சின்னச் சின்னப் படிகள். அவற்றை எண்ணினால் போதும், பென்சீனையும் தொலுயீனையும் காய்ச்சி வடித்துப் பிரிக்கும் கோபுரத்துக்குள் எத்தனை தட்டுகள் பொருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். தட்டுத் தட்டாகக் கணக்குப் போட்டு இழுபட்ட வேலை ஒரு பென்சிலோடு முடிந்தது. ஆனால் கலவையில் மூன்றாவது பொருள் ஒன்று நுழைந்த மறுகணம் அந்தப் படிக்கட்டு சரிந்து விழுந்தது. பூமிக்குள்ளிருந்து வந்த மசகு எண்ணெயிலோ இருந்தவை நூற்றுக்கணக்கான பொருள்கள்.

அதனால் தொழிற்சாலை கட்டியவர்கள் கணக்கை முழுதாக நம்பவில்லை. முதலில் ஆய்வுகூடத்துக் குடுவை, பிறகு கொட்டிலுக்குள் அடங்கும் மாதிரி ஆலை, பிறகு அதைவிடப் பெரியது, கடைசியில்தான் உண்மையான ஆலை என்று வருடக்கணக்கில் படிப்படியாகப் போனார்கள். அப்படிப் போயும் ஏமாந்தார்கள். நாலு பேருக்குப் பதமாகச் சோறு வடிப்பவர் நானூறு பேர் கல்யாணத்துக்கு உலை வைத்தால் குழைவதும் வேகாததும் ஒரே கிடாரத்தில் நடக்குமே, அதேதான். பாத்திரத்தின் ஒவ்வொரு அளவையும் பத்து மடங்கு பெருப்பித்தால் உள்ளிருக்கும் திரவம் ஆயிரம் மடங்காகும்; வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ நூறு மடங்குதான் கூடும். குடுவைக்குள் சாதுவாக இருந்த தாக்கம் பெரிய கலனுக்குள் கொதித்து எழுந்ததற்கு இதுவே காரணம். இதைவிடவும் பொல்லாத சிக்கலொன்று குழாய்களுக்குள் ஒளிந்திருந்தது.

அமோனியா ஆலையில் நைதரசனும் ஐதரசனும் ஒரு சுற்றில் முழுதாக இணைவதில்லை. ஏறத்தாழ 15 வீதமே அமோனியாவாகிறது. மிச்சத்தைத் திருப்பி ஆலையின் வாசலுக்கே கொண்டுவர வேண்டும். வாசலில் எவ்வளவு வாயு நுழைகிறது என்று தெரிந்தால்தான் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று கணிக்கலாம். கடைசியில் மிஞ்சுவது தெரிந்தால்தான் வாசலில் நுழைவதைச் சொல்லலாம். ஆகவே பொறியியலாளர்கள் ஒரு எண்ணை ஊகித்தார்கள். முழு ஆலையையும் சறுக்குச் சட்டத்தில் கணக்கிட்டார்கள். விடை பொருந்தாவிட்டால் வேறொன்றை ஊகித்தார்கள். சில கணக்குகள் ஒவ்வொரு சுற்றிலும் விடையை விட்டு இன்னும் தூரமாய் ஓடின. கைவிட வேண்டிய கட்டத்தில், இரசாயனத்துக்குச் சம்பந்தமேயில்லாத ஒருவர் வழி காட்டினார்.

ஜோசப் வெக்ஸ்டைன் அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்தில் இருந்த கணினிக்காரர். பின்னாளில் எஃப்.பி.ஐ.க்காக விரல்ரேகைகளைக் கணினியால் ஒப்பிடும் வேலையில் பெயர் எடுத்தவர். 1958இல் அவர் ஒரு குட்டிக் கட்டுரை வெளியிட்டார். இரண்டு தவறான ஊகங்கள் கையில் இருந்தால் அவற்றை ஒரு நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோடு காட்டும் இடத்துக்கு ஒரே தாவலில் போய்விடலாம் என்பதே அதன் சாரம். தவறுகளையே ஏணியாக்கிக்கொண்ட அந்தத் துணிச்சலை வியக்காமல் இருக்க முடியவில்லை. அதே 1958இல், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைக் கட்டிவந்த கெலொக் கம்பனி, ஒரு முழு ஆலையையும் பெட்டி பெட்டியாகக் கணினிக்குள் கோக்கும் புரோகிராம் ஒன்றை எழுதி முடித்தது. கட்டப்படாத ஆலை ஒன்று காகித அட்டைகளில் இட்ட துளைகளாக ஓடத் தொடங்கியது.

பிறகு வந்த பத்து ஆண்டுகள் இரகசியங்களின் காலம். பெரிய கம்பனிகள் ஒவ்வொன்றும் தமக்கென ஒரு புரோகிராமை எழுதிப் பெட்டகத்தில் பூட்டின. மொன்சாண்டோவின் ஃபுளோட்ரான் மட்டும் காலப்போக்கில் பல்கலைக்கழக வகுப்பறைகளுக்குக் கசிந்தது. இந்தப் புரோகிராம்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பலவீனம். திரவமும் வாயுவும் வந்தால் சமாளித்தன. ஒரு கைப்பிடி திண்மம் வந்தால் திகைத்து நின்றன. எண்ணெய் மலிவாகக் கிடைத்தவரை அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. பீப்பாய் ஏறத்தாழ 3 டொலருக்கு விற்ற மசகு எண்ணெய் அடுத்த சனவரியில் 11 டொலரைத் தாண்டியது. ஈரானிய எண்ணெயை நம்பி 1969இல் சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பு ஆலையைத் திறந்திருந்த இலங்கை, ஏற்கெனவே வற்றிக் கிடந்த அந்நியச் செலாவணியோடு இந்த அடியையும் வாங்கியது. கொழும்பில் பாணுக்கு விடியுமுன்பே வரிசை நின்றது. அமெரிக்காவோ தன் மண்ணுக்குள் மலைமலையாகக் கிடந்த நிலக்கரியைத் திரும்பிப் பார்த்தது. அதை வாயுவாக்கலாம், எண்ணெயாக்கலாம், அரபு நாடுகளின் தயவே வேண்டாம். ஆனால் அந்த ஆலைகளை வடிவமைக்கப் போனவர்கள் கணினியின் முன் உட்கார்ந்தபோதுதான் அந்தப் பழைய பலவீனம் உறைத்தது: நிலக்கரி ஒரு திண்மம்.

1976இல் அமெரிக்க அரசின் பணத்தோடு எம்.ஐ.டி.யில் பேராசிரியர் லாரி எவன்ஸ் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. பெயர் 'அஸ்பென்'. ஒருவருக்கொருவர் புரோகிராம்களை ஒளித்து வைத்திருந்த போட்டிக் கம்பனிகள், ஆலோசனை சொல்வதற்காக ஒரே மேசையில் வந்து அமர்ந்தன. திண்மங்களுக்கு இடம் கொடுக்கவென்றே தரவுகளின் அமைப்பு முழுதும் புதிதாக எழுதப்பட்டது. ஜோசப் பொஸ்டன் என்ற பொறியியலாளர் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். கோபுரத்தின் ஒவ்வொரு தட்டிலும் வெப்ப இயக்கவியலின் கனத்த சமன்பாடுகளைத் திரும்பத் திரும்பத் தீர்ப்பதில்தான் கணினி நேரம் கரைந்துகொண்டிருந்தது. சளிவன் என்பவரோடு சேர்ந்து 1974இலேயே அவர் ஒரு தந்திரத்தை வெளியிட்டிருந்தார்: உள்ளே எளிய சமன்பாடுகளை வைத்து விரைவாகத் தீர்ப்பது, வெளியே கனத்த சமன்பாடுகளை இடைக்கிடை அழைத்து உள்ளேயிருப்பவற்றைத் திருத்துவது. கணக்கையே உள்வெளியாகப் புரட்டிப் போட்ட வேலை அது. 1980களின் வாசலில் அஸ்பென் தயாரானது. நிலக்கரி ஆலைகள்தான் தயாராகவில்லை.

எண்ணெய் விலை 1981க்குப் பின் இறங்கத் தொடங்கி 1986இல் குப்புற விழுந்தது. செயற்கை எரிபொருளுக்கென 1980இல் அமெரிக்கா அமைத்த கூட்டுத்தாபனம் அதே 1986இல் மூடப்பட்டது. வட டகோட்டாவில் எழுந்த ஒரு பெரிய நிலக்கரி வாயு ஆலையை அதன் உரிமையாளர்களே கைவிட்டார்கள். இன்னொரு கை மாறித்தான் அது பிழைத்தது. யாருக்காகப் பிறந்ததோ அந்தத் தொழில் வீழ்ந்த பிறகு அஸ்பெனும் ஏதோவொரு நூலகத் தட்டில் தூசி படிந்திருக்க வேண்டும். நல்லகாலம், எவன்ஸும் சகாக்கள் சிலரும் எம்.ஐ.டி.யிடம் உரிமம் பெற்று 1981இலேயே அதை ஒரு கம்பனியாக்கிவிட்டிருந்தார்கள். திண்மத்தையே விழுங்கப் பழகியிருந்த புரோகிராமுக்கு உரம், பிளாஸ்டிக், மருந்து, கடதாசி எதுவும் தொண்டையில் சிக்கவில்லை.

கனடாவின் கல்கரியிலும் ஒரு போட்டிக் கம்பனி வளர்ந்துகொண்டிருந்தது. 1976இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தொடங்கிய ஹைப்ரொடெக் அது. எண்ணைத் தட்டிய உடனேயே விடை மாறும் அதன் புரோகிராமை எரிவாயுத் துறையினர் கொண்டாடினார்கள். 2002இல் அஸ்பென் அதை விலைக்கு வாங்கியது. போட்டி செத்துவிடும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2004இல் வந்த இணக்கம் விசித்திரமானது: அந்த மென்பொருளின் உரிமையை ஹனிவெல் கம்பனிக்கு விற்க வேண்டும், அஸ்பெனும் அதைத் தொடர்ந்து விற்கலாம். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு வீட்டில், ஹைசிஸ், யூனிசிம் என்ற இரண்டு பெயர்களில் வளர்ந்தன. விலை இரண்டுக்கும் எட்டாத உயரம். 2008 அளவில் பிரேசில் பொறியியலாளர் டானியல் மெதைரோஸ் 'டி.டபிள்யூ.சிம்' என்ற இலவசப் புரோகிராமை வெளியிட்டார். மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய ஃபொசி திட்டம் அதை இந்திய மாணவர்களின் கைக்குக் கொண்டு சேர்த்தது.

2012இல் ஈரான்மீது அமெரிக்கத் தடை இறுகியபோது சப்புகஸ்கந்தைக்கு மறுபடி தலையிடி. ஈரானின் இலகு எண்ணெய்க்கென்று 1969இல் இரும்பில் அமைத்த கோபுரத்துக்குள் வேறு நாட்டு எண்ணெயை ஊற்றினால் எந்தத் தட்டில் எது, எவ்வளவு வடியும்? ஆலையை வைத்துப் பரிசோதிக்க முடியாத கேள்வி இது. இத்தகைய கேள்விகளுக்கென்றே இருக்கிறது, ஆலையைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கும் சிமியுலேஷன்.

வெள்ளவத்தையில் 101ஆம் இலக்க பஸ் ஏறும் மாணவர் கல்கிசை கடந்து, இரத்மலானை மலிபன் சந்தியில் பிஸ்கட் வாசத்தையும் கடந்து கட்டுபெத்தையில் இறங்குகிறார். 1966இல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாக இருந்து 1978இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகமான வளாகம் அது. இரசாயனப் பொறியியல் படிக்கிறவருக்குக் கட்டாத ஆலையைத் திரையில் ஓட்டிப் பார்ப்பது இன்று சாதாரணப் பாடவேலை. பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து, மிச்ச வாயுவை வாசலுக்குத் திருப்பி, பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் விடை வந்துவிடுகிறது. ஊகத்தைத் திருத்தும் முறையைத் தெரிவு செய்ய அஸ்பெனில் ஒரு பட்டியல் உண்டு. அவசரத்தில் பலர் அதைத் திறப்பதேயில்லை. திறக்காமல் விட்டால் புரோகிராம் தானாகவே எடுத்துக்கொள்வது வெக்ஸ்டைனின் 1958ஆம் ஆண்டு முறையைத்தான்.