சீரிடைவெளி உறுப்பசைவுக் கோளாறு: மருத்துவப் பதிவும் குறியிடலும்

சீரிடைவெளி உறுப்பசைவுக் கோளாறு என்பது உறக்கத்தின்போது கால்களும், சில வேளைகளில் கைகளும், திரும்பத் திரும்பத் தாமாகவே அசைவதால் உறக்கமோ பகல்நேரச் செயற்பாடோ கெடும் நோயாகும். இது ஆங்கிலச் சுருக்கமாகப் பி.எல்.எம்.டி. எனப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் வகைப்பாட்டில் இதன் குறியீடு ஜி47.61 ஆகும். மருத்துவர் எழுதிய பதிவைப் படித்து இத்தகைய குறியீட்டை இடுவது மருத்துவக் குறியிடல் எனப்படும். அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளுக்குக் குறியிடும் பணி சென்னை முதலிய தமிழக நகரங்களிலும் நடைபெறுகிறது.

அசைவும் நோயும்

கால் பெருவிரல் நீள்வதும் கணுக்கால் மேல்நோக்கி மடங்குவதும் இவ்வசைவின் வழக்கமான வடிவம். 1953இல் ஆங்கிலேய நரம்பியலாளர் சார்லசு சைமண்ட்சு இதனை இரவுத் தசைத்துடிப்பு என்ற பொருள்படும் பெயரால் விவரித்தார்.

உறக்க ஆய்வில், கீழ்க்கால் முன்தசையின் மின்னலைகளைக் கொண்டு அசைவுகள் எண்ணப்படுகின்றன. ஒவ்வோர் அசைவும் 0.5 முதல் 10 நொடி வரை நீடிக்க வேண்டும். ஓர் அசைவின் தொடக்கத்துக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் இடையே 5 முதல் 90 நொடி இருக்க வேண்டும். குறைந்தது 4 அசைவுகள் தொடர்ந்து வர வேண்டும். ஒரு மணிநேர உறக்கத்தில் பெரியவர்களுக்கு 15க்கு மேலும், சிறுவர்களுக்கு 5க்கு மேலும் இருப்பின் அது மிகுதியாகக் கொள்ளப்படும்.

எனினும் இவ்வெண்ணிக்கை மட்டும் நோயாகாது. முதியோர் பலரிடம் எவ்விதத் தொல்லையும் இன்றி இவ்வசைவுகள் காணப்படுகின்றன. உறக்கக் கேடோ பகல்நேரப் பாதிப்போ இருந்து, அதனை வேறொரு நோயால் விளக்க இயலாதபோதே ஜி47.61க்கு உரிய நோய் உள்ளதாக மருத்துவர் முடிவு செய்வார். ஆய்வறிக்கையில் "மணிக்கு 22" என்ற எண்ணைக் கண்டவுடன் குறியிடுநர் தாமே ஜி47.61 இடுவது பிழை. நோயைப் பெயரிடுதல் மருத்துவரின் பணி.

அமைதியற்ற கால் கூட்டறிகுறியுடனான குழப்பம்

குறியிடலில் பெரிதும் இடர்ப்பாடு தருவது இதுவே. அமைதியற்ற கால் கூட்டறிகுறியில் விழித்திருக்கும்போதே கால்களை அசைக்க வேண்டும் என்ற அடக்கவியலாத உந்துதல் தோன்றும். ஓய்வில் மிகும், நடந்தால் தணியும், மாலையிலும் இரவிலும் கடுமையாகும். இது நோயாளி சொல்வதைக் கேட்டு அறியப்படுவது. உறக்க ஆய்வு கட்டாயமன்று. ஆனால் இந்நோயாளிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு உறக்கத்தில் சீரிடைவெளி அசைவுகளும் உண்டு.

இக்கூட்டறிகுறியின் குறியீடு ஜி25.81. அது உறக்க நோய்களின் பகுதியில் இல்லாமல், நடுக்கம் முதலிய இயக்கக் கோளாறுகளுடன் வைக்கப்பட்டுள்ளது. ஜி47.6 பிரிவின் கீழ் ஜி25.81 இரண்டாம் வகை விலக்காகக் குறிக்கப்பட்டுள்ளது. இரண்டாம் வகை விலக்கு என்பதன் பொருள், இரண்டும் வெவ்வேறு. ஒருவரிடம் இரண்டும் இருப்பின் இரண்டையும் இடலாம் என்பதாகும். உறக்க மருத்துவ வரையறையோ, அமைதியற்ற கால் கூட்டறிகுறி உள்ளவருக்கு அசைவுகளைத் தனி நோயாகச் சொல்வதில்லை. நூல் இடம் தருவதை மருத்துவம் ஏற்பதில்லை என்ற இம்முரண்பாட்டைக் குறியிடுநர் தாமாகத் தீர்க்க இயலாது. இரு பெயர்களும் பதிவில் இருப்பின் மருத்துவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்பதே முறை.

பெயர் பிழையாகப் பதிவாவதால் கெடுவது கட்டணம் மட்டுமன்று. அமைதியற்ற கால் கூட்டறிகுறியில் குருதியின் ஃபெரிட்டின் அளவு பார்க்கப்பட்டு, குறைவாயின் இரும்புச்சத்து தரப்படுகிறது. அப்பெயர் பதிவில் இல்லையெனில் இந்த எளிய ஆய்வே விடுபட்டுப் போகலாம்.

பதிவில் இருக்க வேண்டியவை

அசைவுக் குறியெண், அசைவால் ஏற்பட்ட விழிப்புகள், பகல்நேரத் தொல்லை ஆகியன எழுதப்பட வேண்டும். மூச்சுத்தடை நோய் உண்டா இல்லையா என்பதும் தேவை. மூச்சு நின்று மீளும்போதும் கால் உதறும். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் பலராலும் விடப்படுகிறது. மனச்சோர்வு மருந்துகள் சில இவ்வசைவுகளைத் தூண்டவல்லவை. அசைவு மருந்தின் பக்கவிளைவு என மருத்துவர் எழுதினால், அம்மருந்துக்குரிய பக்கவிளைவுக் குறியீடும் சேரும்.

"இருக்கலாம்", "ஐயத்துக்குரியது" என்ற சொற்களுக்குத் தனி விதி உண்டு. புறநோயாளியின் பதிவில் இவை இருப்பின் நோய்க்குறியீடு இடப்படாது, தூக்கமின்மை (ஜி47.00) போன்ற அறிகுறியே இடப்படும். மருத்துவமனையில் தங்கிய நோயாளியின் விடுவிப்புக் குறிப்பில் அதே சொல் இருப்பின், நோய் உள்ளதாகவே கொண்டு குறியிடப்படும்.

ஆய்வின் குறியீடு

பணியாளர் உடனிருந்து செய்யும் முழு உறக்க ஆய்வுக்கு, 6 அகவையும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சிபிடி குறியீடு 95810 ஆகும். பதிவு 6 மணிநேரத்துக்குக் குறைந்தால் 52 என்ற திருத்தி சேர்க்கப்படும். வீட்டில் செய்யும் மூச்சுத்தடை ஆய்வுகளில் பொதுவாகக் கால்தசை அலைகள் பதிவாவதில்லை. அவற்றைக் கொண்டு இந்நோயை உறுதிசெய்ய இயலாது.

வகைப்பாட்டு வரலாறு

ஐசிடி-9-சிஎம் வகைப்பாட்டில் 2005 அக்டோபரில் 327.51 என்ற தனிக் குறியீடு இந்நோய்க்குத் தரப்பட்டது. அடுத்த ஆண்டு அமைதியற்ற கால் கூட்டறிகுறி 333.94 என்ற எண்ணைப் பெற்றது. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் ஐசிடி-10-சிஎம் நடைமுறைக்கு வந்தது. உலக சுகாதார அமைப்பு 2022 சனவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்த ஐசிடி-11இல் இரு நோய்களும் உறக்க-விழிப்புக் கோளாறுகள் என்ற ஒரே அதிகாரத்தில் 7ஏ80, 7ஏ81 என அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன.