யார் தந்தை, யார் பகைவர்?

திருவிடந்தைக்குப் பலரும் கல்யாணம் கூடிவர வேண்டி, கையில் மாலையோடு வருகிறார்கள். ஊர்ப்பெயர் சொல்வது வேறு: திருவை இடப்பக்கம் ஏந்திய எந்தை. திருமங்கையாழ்வார் பாடிய தலம். அந்தப் பாசுரத்துக்கு என்ன பொருள் என்று வைணவப் பெரியவரைக் கேளுங்கள். "பெரியவாச்சான் பிள்ளை என்ன சாதித்திருக்கிறார், பாரும்" என்று பழைய உரையாசிரியரைக் காட்டுவார். பூர்வாசாரியர் வாக்கைத் தாண்டிச் சொந்தப் பொருள் சொல்லமாட்டார்.

முன்னோர் வாக்கைப் பிடித்துக்கொள்வது பக்கத்து ஊரான கோவளத்துக் கார்மேல் மாதா கோயிலிலும் உண்டு. அங்கே ஜெபமாலை சொல்லும் மீனவப் பெண் மரியாளை 'இறைவனின் தாய்' என்கிறாள். அந்தச் சொல் அப்படியே விவிலியத்தில் கிடையாது. அது 431ஆம் ஆண்டு எபேசுவில், அலெக்சாந்திரியா ஆயர் சிரில் தலைமையில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் உறுதியான வழக்கு. 'கிறிஸ்துவின் தாய்' என்பதே பொருத்தம் என்ற கொன்ஸ்தாந்திநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸ் பதவி இழந்தார். அந்தச் சங்கத்தில் சான்றாக வாசிக்கப்பட்டவை அத்தனாசியுஸ், பேசில் போன்று 'தந்தையர்' என்று திருச்சபை மதிக்கும் முன்னோரின் எழுத்துகள். அத்தனாசியுஸ் இறந்து அறுபது ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் அவர் எழுத்து பிரமாணம்! அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேருமுன்பே சிரில் சங்கத்தைத் தொடங்கிவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது நியாயமாக எனக்குப் படவில்லை.

பாரசீகத் திருச்சபை இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. நெஸ்தோரியுஸும் அவருக்கு முந்தைய இறையியலாளர் தியோடோரும் அதற்கு ஆசான்கள். வழிபாட்டில் அவர்கள் பெயர் ஒலித்தது. அந்தப் பாரசீகத் தொடர்பின் தடம் நம் கடற்கரையிலேயே உண்டு. 1547இல் பரங்கிமலையில் போர்ச்சுகீசியர் கோயில் கட்டத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவையைச் சுற்றியிருப்பவை பகலவி என்ற பாரசீக எழுத்துகள்.

மலையாளக் கரையின் தோமா கிறிஸ்தவர்களுக்கும் அந்த ஆசான்கள்தான் தந்தையர். 1599 ஜூனில் கோவா பேராயர் மெனசஸ் உதயம்பேரூரில் அவர்களைக் கூட்டினார். வழிபாட்டிலிருந்து அந்தப் பெயர்களை நீக்கச் சொன்னார். சுரியானி ஏடுகள் சில திருத்தப்பட்டன, சில தீக்கிரையாயின. பாட்டன் காலத்திலிருந்து தந்தை என்று வணங்கப்பட்டவர், ஒரு வாரச் சங்கத்தில் பதிதர் ஆனார். மரியாளை எந்தப் பெயரால் அழைப்பது என்ற பழைய வழக்கு, கொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஏட்டை எரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

1994 நவம்பர் 11 அன்று போப் இரண்டாம் ஜான் பாலும், அந்தப் பாரசீகத் திருச்சபையின் வழிவந்த கீழைத் திருச்சபையின் தலைவர் மார் தின்காவும் உரோமில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 'இறைவனின் தாய்', 'கிறிஸ்துவின் தாய்' இரண்டும் ஒரே விசுவாசத்தின் சொற்களே என்கிறது அது.

(தொடரும்)