குண்டசாலையும் சாவோ கொன்சாலோவும்

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் திகனவுக்குப் போகும்போது குண்டசாலை குறுக்கிடும். கிரிக்கெட் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரன் குடும்பத்தின் லக்கிலேண்ட் பிஸ்கட் தொழிற்சாலை அந்தப் பக்கம்தான். அவரோடு பிரேசில் உதைபந்தாட்ட வீரர் வினிசியஸ் ஜூனியரைச் சேர்த்துப் பார்க்க ஆட்டம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மைதானத்துக் கூட்டம் இருவரையும் நடத்திய விதம் போதும்.

வறுமையில் இருவரும் ஒன்றல்ல. வினிசியஸ் 2000இல் ரியோவுக்கு அக்கரையிலுள்ள சாவோ கொன்சாலோவில் ஏழை வீட்டில் பிறந்தவர். பயிற்சிக்காகச் சிறுவயதிலேயே உறவினர் வீட்டுக்குப் போனவர். முரளியின் குடும்பத்தில் தோட்டத்துக்கு வேலை தேடி வந்தவர் பாட்டனார்தான். பேரன் வசதியான வீட்டுப் பிள்ளை. ஆனால் தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் அந்த வசதி எதற்கும் உதவவில்லை. தொழிற்சாலை எரிந்தது, தந்தை வெட்டுக்காயம் பட்டார். வினிசியஸுக்கு எதிரான பெருங்கூச்சல் கடல் கடந்த பிறகு வந்தது. முரளிக்கு முதல் அடி சொந்த ஊரில் விழுந்தது. அதே வீதியில் 2018 மார்ச்சில் திகன முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. நாடே கொண்டாடிய பந்துவீச்சாளர் ஒரு சிறுபான்மையினர் என்பது அன்று கும்பலின் கையைப் பிடிக்கவில்லை.

1995 டிசம்பர் 26, மெல்பர்ன். முரளி பந்தை எறிகிறார் என்று நடுவர் டெரல் ஹெயார் ஏழு தடவை 'நோ-போல்' என்றார். அதை இனவெறி என்று முத்திரை குத்த எனக்கு மனமில்லை. பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை பார்வைக்குக் குழப்பம் தரும். அதற்குப் பிறகு அவுஸ்திரேலிய அரங்குகளில் வருடக்கணக்காக எழுந்த கேலிக்கு அந்தச் சமாதானம் செல்லாது. கையை ஆய்வுகூடத்தில் அளந்து காட்டியும் கேலி ஓயவில்லை.

வினிசியஸிடம் அளக்க ஒன்றுமில்லை. 2023 மே 21 அன்று ஸ்பெயினின் வலென்சியா மைதானத்தில், தன்னைக் குரங்கு என்றவனை அவரே விரல் நீட்டிக் காட்டினார். ஆட்டம் நின்றது, கடைசியில் சிவப்பு அட்டை கிடைத்ததும் அவருக்கே. அது பின்னர் நீக்கப்பட்டது வேறு கதை.

முரளி சிரித்துப் பொறுத்தார், வினிசியஸ் வம்பை வளர்க்கிறார் என்போர் ஒன்றை மறக்கிறார்கள். 1999இல் அடிலெய்டில் முரளிக்காக நடுவரோடு வாதாடி, அணியையே எல்லைக்கோட்டுக்கு அழைத்துப் போக அர்ஜுன ரணதுங்க இருந்தார், சிங்கள அணித்தலைவர். பேச ஒருவர் இருந்தால் மௌனமும் அழகுதான். 2004இல் அவுஸ்திரேலியப் பிரதமரே முரளியைப் பந்தை எறிபவர் என்றபோது, அவர் அவ்வருட அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்குப் போகவே இல்லை. அதுவும் ஒரு பதில்தான். சிரிப்பை மட்டும் நினைவில் வைப்பது நம் வசதிக்கு.

2005இல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று விதி வந்தது. 2024 ஜூனில் வலென்சியா ரசிகர் மூவருக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. முரளியைக் கேலி செய்த அரங்குகளிலோ, அவர் 800 விக்கெட்டுடன் 2010இல் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறும்வரை, வழக்கு எதுவும் தேவைப்படவில்லை. அது ஆட்டத்தின் கலகலப்பாகவே கணக்கில் வைக்கப்பட்டது.